நாகப்பட்டினத்துப் பெரும்பள்ளி

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு ‘பௌத்தமும் நம் மக்களும்’ என்பதாகும். அது கடல் போன்ற தலைப்பு. அரைமணி நேரத்தில் கடலைத் தாண்ட எனக்கு ஆற்றல் இல்லை. ஆகவே அக்கடலின் கரையில் நின்ற ஒரே ஒரு கட்டடத்தைப் பற்றி மட்டும் பேச அனுமதி வேண்டுகிறேன். அது நாகப்பட்டினத்தில் இருந்த சூடாமணி விகாரம். சோழர் காலத்து ஆவணங்கள் அதனைப் ‘பெரும்பள்ளி’ என்று கூறுகின்றன.

தலைப்பைச் சுருக்கியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. சென்ற மாதம் நமது மாலை வகுப்பில் பயிலும் இளைஞர் ஒருவர் என்னிடம், “ஐயா, நம் முன்னோர் பௌத்தர்கள் என்று மேடைதோறும் பேசுகிறோம். கல்லூரியில் ஒருவன் சான்று கேட்டால் நான் எதைக் காட்டுவது?” என்று வினவினார். நல்ல வினா. அவருக்கு அன்று நான் முழுமையாக விடை கூறவில்லை. இந்த உரையை அவருக்குரிய விடையாகவே கொள்ளலாம்.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். ‘பள்ளி’ என்னும் சொல் முற்காலத்தில் பௌத்த, சமணத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்தது. துறவியர் தாம் உறைந்த இடத்திலேயே மாணாக்கருக்குப் பாடம் சொன்னமையால், கல்வி கற்கும் இடம் பள்ளிக்கூடமாயிற்று என்று அறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி போன்றோர் விளக்கியுள்ளனர். நான் நாள்தோறும் காலையில் நுழையும் வாயிலின் மேற்பலகையில் அந்தச் சொல் எழுதப்பட்டிருக்கிறது. முப்பது ஆண்டுகளாக அதன்கீழ் நடந்து செல்கிறேன். பல ஆண்டுகள் அதன் பொருளை எண்ணிப் பார்த்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தமிழகத்தில் இத்தகைய பள்ளிகள் பல இருந்தன. கி.பி. 640 அளவில் காஞ்சிபுரத்துக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், அங்கே 100க்கும் மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும் பதினாயிரம் துறவியரும் இருந்தனர் என்று எழுதி வைத்தார். நாளந்தாப் பல்கலைக்கழகத்தின் தலைவராக விளங்கிய தருமபாலர் காஞ்சியில் பிறந்தவர். காவிரிப்பூம்பட்டினத்தில் 1960களில் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, செங்கல்லால் கட்டிய விகாரம் ஒன்று வெளிப்பட்டது. மணிமேகலைக் காப்பியம் பிறந்த மண்ணுக்கு அது பொருத்தமான சான்று. இவற்றையெல்லாம் விரித்துரைக்க நேரமில்லை, நாகப்பட்டினத்துக்குச் செல்வோம்.

நாம் துறைமுகத்து மக்கள். எனது தந்தையார் சென்னைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். கப்பலின் புகைப்போக்கியைப் பார்த்தே அது எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று சொல்லுவார். ‘ரஜுலா’ என்னும் கப்பலைப் பற்றி அவர் அடிக்கடி பேசுவதுண்டு. அக்கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சென்றது. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் ‘பினாங்குத் தாத்தா’, ‘ரங்கூன் பாட்டி’ என்று யாரையேனும் குறிப்பிடாத குடும்பங்கள் சிலவே. தோட்டக் கூலிகளாக நம்மவர் சென்ற அந்தக் கடல் வழி புதிதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் அதே வழியில் மரக்கலங்கள் சென்று வந்தன. பினாங்குத் தீவுக்கு எதிரே உள்ள கெடா மாநிலமே பழைய இலக்கியங்களும் கல்வெட்டுகளும் கூறும் கடாரம்.

அக்கடாரத்தையும் சுமத்திராவில் இருந்த ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட சைலேந்திர மரபின் மன்னன் சூடாமணிவர்மன். அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தையின் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு விகாரம் எழுப்பினான். முதலாம் இராசராச சோழன் அதற்குத் தனது 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1005-06இல், ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்கினான். தஞ்சையில் பெருவுடையார் கோயிலைக் கட்டிய சைவ மன்னன், கடல் கடந்த நாட்டுப் பௌத்தன் கட்டிய பள்ளிக்கு ஊர் கொடுத்தான். இதனைச் சமயப் பொறை என்று பாடநூல்கள் பாராட்டும். பாராட்டட்டும். ஆனால் கீழைக்கடல் வாணிகத்தின் திறவுகோல் ஸ்ரீவிஜயத்தின் கையில் இருந்தது என்பதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும். துறைமுகத்துக்கு வரும் வணிகனும் மாலுமியும் இறங்கித் தொழ ஓர் இடம் இருந்தால் கப்பல்கள் தவறாது வரும். அறமும் வாணிகமும் அங்கே கைகோத்து நடந்தன.

அந்தக் கொடையைக் கூறும் செப்பேடுகள் 21. அவற்றுள் 5 ஏடுகள் வடமொழியிலும் 16 ஏடுகள் தமிழிலும் அமைந்தவை. பெரிய வளையம் ஒன்றில் கோத்து, அரச முத்திரை இட்டவை. மொத்த எடை ஏறத்தாழ 30 கிலோ. இராசராசன் வாய்மொழியாகப் பிறப்பித்த ஆணையை, அவன் மகன் முதலாம் இராசேந்திரன் செம்பில் வெட்டுவித்தான். ஊரின் பரப்பு 97 வேலிக்கு மேல். அதிலிருந்து பள்ளிக்குச் செல்ல வேண்டிய நெல் 8,900 கலத்துக்கு மேல். ஒரு கலம் என்பது 12 மரக்கால். கணக்கு நாழி அளவு வரை எழுதப்பட்டிருக்கிறது. எல்லை வரையறுக்கப் பெண்யானை ஒன்றை நடத்தி, அது சூழ்ந்து வந்த நிலமே கொடைநிலம் என்று உறுதி செய்தனர்.

இந்த யானையைப் பற்றி ஒரு சொந்த நிகழ்ச்சியைக் கூறவேண்டும். நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது, எந்தப் பள்ளி என்பது இங்கு வேண்டாம், சோழர் பாடம் நடந்துகொண்டிருந்தது. மாணவன் ஒருவன் எழுந்து, தன் முன்னோர் சோழர் படையில் தளபதிகளாக இருந்தனர் என்றான். ஆசிரியர் மகிழ்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “உங்களவர்கள் யானைக்குப் புல் அறுத்திருப்பார்கள்” என்றார். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்; அதுதான் இன்றளவும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து, பட்டப்படிப்பு முடித்தபின், ஆனைமங்கலச் செப்பேட்டின் செய்தியைப் படித்தபோது அந்த யானை மீண்டும் என்முன் வந்து நின்றது. ஆணையை எழுதியவர், ஒப்பிட்டவர், கையெழுத்திட்ட அதிகாரிகள் எனப் பெயர்கள் வரிசையாக உள்ளன. யானைக்குப் புல் அறுத்தவன் பெயர் இல்லை. 97 வேலியிலும் சேற்றில் இறங்கியவள் பெயரும் இல்லை. அந்த ஆசிரியர் சொன்னது ஒருவேளை மெய்யாகவே இருக்கலாம். ஆனால் புல் அறுத்தவன் இல்லாமல் யானை நடந்திராது; யானை நடவாமல் எல்லை அமைந்திராது என்று அவருக்கு இன்று விடை கூறுவேன். அவர் இப்போது உயிருடன் இல்லை.

இளைஞர்களே, இங்கே நாம் கவனமாக நடக்க வேண்டிய இடம் வருகிறது. விகாரத்துக்கு ஊர் கொடுத்த அதே இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் ‘பறைச்சேரி’ என்னும் சொல் வருகிறது. ‘தீண்டாச்சேரி’ என்னும் சொல்லும் வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். புத்தரின் பள்ளிக்கு நெல் அளந்த அதே அரசில், தீண்டத்தகாத தெரு என ஒரு தெரு பிரித்து வைக்கப்பட்டிருந்தது. சோழர் காலத்தைப் பொற்காலம் என்று பேச்சுப் போட்டிக்கு எழுதித் தரும்படி என்னிடம் வரும் மாணவர்களுக்கு, இந்த இரண்டு சான்றுகளையும் சேர்த்தே எழுதித் தருகிறேன். பரிசு கிடைப்பதில்லை. ஆயினும் எழுதித் தருகிறேன்.

ஆனைமங்கலம் இன்றும் நாகை மாவட்டத்தில் கீழ்வேளூர் வட்டாரத்தில் இருக்கிறது. அதே வட்டாரத்தில்தான் கீழ்வெண்மணியும் இருக்கிறது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவில் அங்கே 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். கூலி நெல்லைச் சிறிது உயர்த்திக் கேட்ட உழைப்பாளர் குடும்பங்கள் அவை. கலம், தூணி, குறுணி, நாழி என்று 8,900 கலத்துக்குக் கணக்கு எழுதிய மண்ணில், அளவில் ஒரு படி கூடுதலாகக் கேட்டதற்கு நேர்ந்தது இது. விகாரத்தின் வரலாற்றைப் பேச வந்தவன் இதை ஏன் கூறுகிறான் என்று சிலர் எண்ணலாம். அந்த நிலத்தின் வரலாற்றைப் பேசும்போது இதை மட்டும் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

மீண்டும் விகாரத்துக்கு வருவோம். இராசேந்திரன் 1025 அளவில் கடாரத்தின் மீது படையெடுத்தான். இரு நாடுகளுக்கும் பகை மூண்டது. ஆயினும் நாகப்பட்டினத்துப் பள்ளி அழிக்கப்படவில்லை. 1090இல் கடாரத்து அரசனின் தூதுவர்கள் வந்து வேண்ட, முதலாம் குலோத்துங்கன் பள்ளிக்குரிய ஊர்களின் வரிவிலக்கை உறுதிசெய்து மூன்று செப்பேடுகள் வழங்கினான். அவற்றில் இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திர சோழப் பெரும்பள்ளி என இரு பள்ளிகள் குறிக்கப்படுகின்றன. சோழநாட்டில் பௌத்தம் உயிரோடு இருந்தமைக்கு இலக்கணமும் சாட்சி: வீரராசேந்திரன் காலத்தில் ‘வீரசோழியம்’ என்னும் தமிழ் இலக்கண நூலை எழுதிய புத்தமித்திரர் பௌத்தரே.

அந்தப் பள்ளிகளில் தொழுதவர்கள் அரசரும் அயல்நாட்டு வணிகரும் மட்டுமல்லர். நாகப்பட்டினத்தில் வார்க்கப்பட்ட புத்தர் படிமம் ஒன்று இன்று நியூயார்க் நகரத்து ஆசியா சொசைட்டியின் தொகுப்பில் உள்ளது. அதன் பீடத்தில் தமிழ் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. இராசேந்திர சோழப் பெரும்பள்ளியோடு ‘அக்கசாலைப் பெரும்பள்ளி’ என்றும் ஒரு பெயர் அதில் காணப்படுகிறது. அக்கசாலை என்பது பொன்னும் உலோகமும் உருக்கி வேலை செய்யும் பட்டறை. திருவிழாவில் எழுந்தருளச் செய்வதற்காக அந்தப் படிமம் செய்யப்பட்டதாம். புத்தரை அக்கல்வெட்டு ‘ஆழ்வார்’ என்று அழைக்கிறது! தமிழ்நாட்டுப் பௌத்தம் தமிழ்நாட்டுத் தெருவில் தேரேறி உலா வந்தது என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்? எண்ணூர் நெடுஞ்சாலையில் வார்ப்படப் பட்டறைகளில் வெந்து உழைக்கும் தம்பிகள் இந்த அவையில் இருக்கிறீர்கள். உலோகம் உருக்கிய கைகள் தமக்கென ஒரு பள்ளியைப் போற்றின என்பதை உங்களுக்காகவே சற்று நிறுத்திச் சொல்கிறேன்.

இந்தப் பெரும்பள்ளி எவ்வாறு மறைந்தது? யாரோ ஒரு மன்னன் வாளோடு வந்து ஒரே இரவில் அழித்தான் என்று சொல்லுவது எளிது. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைத் திருமங்கையாழ்வார் கவர்ந்து சென்று திருவரங்கத் திருப்பணிக்குச் செலவிட்டார் என்று வைணவக் குருபரம்பரை நூல்களே கூறுகின்றன. அது கதை என்று ஒதுக்கினாலும், அக்காலத்தார் மனநிலை அதில் தெரிகிறது. 1476இல் பர்மாவின் கல்யாணிக் கல்வெட்டு வேறொரு காட்சியைத் தருகிறது. இலங்கையிலிருந்து திரும்பிய பர்மியத் துறவியர் சிலர் கப்பல் உடைந்து, கால்நடையாக நாகப்பட்டினம் வந்து சேர்ந்தனர். அங்கே பதரிகாராமம் என்னும் பழைய பள்ளி இருந்த இடத்தைக் கண்டு, சீன அரசன் ஆணையால் அமைக்கப்பட்ட குகையில் இருந்த புத்தர் உருவத்தை வணங்கினர். பள்ளி ‘இருந்த இடத்தை’க் கண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். அதற்குள்ளாகவே பழம்பெருமை நினைவாகிக் கொண்டிருந்தது.

என் கருத்து இது. அரசன் கொடுத்த ஊரையும் அயல்நாட்டான் அனுப்பிய பொருளையும் நம்பி நின்ற பள்ளி, அந்த இரண்டும் குறைந்தபோது மெலிந்தது. கொடைகள் கோயில்களுக்கும் மடங்களுக்கும் திரும்பின. கீழைக்கடலின் அரசியலும் மாறியது. சேரியில் வாழ்ந்தவன் கையில் பள்ளியின் நிலமும் இல்லை, சாவியும் இல்லை. அவன் விரும்பியிருந்தாலும் அதைக் காப்பாற்றியிருக்க முடியாது.

இருப்பினும் ஒரு கோபுரம் மட்டும் நின்றது. வாங் தாயுவான் என்னும் சீனப் பயணி 1349இல் எழுதிய நூலில், இக்கரையில் நின்ற ஒரு செங்கற் கோபுரத்தைப் பற்றியும், அதில் 1267இல் கட்டி முடிக்கப்பட்டதாகச் சீன எழுத்து இருந்தது பற்றியும் கூறுகிறார். நாகப்பட்டினத்துக் கோபுரமே அது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். டச்சுக்காரர் அதைச் சீனக் கோயில் என்றனர். ஊர் மக்கள் புதுவெளிக் கோபுரம் என்றனர். 1846இல் சென்னை அரசு அதிகாரி வால்டர் எலியட் அதை நேரில் பார்த்து எழுதினார்: நாற்புறமும் ஒத்த சதுர வடிவம், மூன்று நிலைகள், சாந்து இன்றி நெருக்கமாகப் பொருத்திய செங்கல், ஒவ்வொரு புறத்திலும் நடுவே வாயில், கூரை இடிந்து வானம் தெரிகிறது. கடலில் வரும் மாலுமிகளுக்கு அதுவே அடையாளம். நமது கலங்கரை விளக்கம் கரைக்கு வரும் மீனவனுக்கு எப்படியோ, அப்படி.

1859இல், அங்கே குடியேறியிருந்த இயேசு சபைத் துறவியர் அந்தக் கோபுரத்தை இடித்துக்கொள்ள அனுமதி கேட்டனர். எலியட் எதிர்த்தார். ஆனால் 1867இல் சென்னை அரசு அனுமதி அளித்தது, கோபுரம் இடிக்கப்பட்டது. 1267 என்ற கணக்கு மெய்யானால், சரியாக 600 ஆண்டுகள். இராயபுரம் இரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டுவிட்டது; நாகப்பட்டினத்துக்கும் தஞ்சைக்கும் 1861இல் இரயில் ஓடத் தொடங்கிவிட்டது; அதன் பிறகே கோபுரம் விழுந்தது என்றால், இது ஏதோ இருண்ட காலத்து நிகழ்ச்சி அன்று என்பது விளங்கும்.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. இந்த அவையில் கிறித்தவ உறவினர் பலர் இருக்கிறீர்கள். நம் பாட்டன்மாருக்கு வேறு எவரும் கதவு திறவாத காலத்தில் மிஷன் பள்ளிகள் கதவைத் திறந்தன. நான் கையெழுத்துப் பழகிய சிலேட்டும் அத்தகைய ஒரு பள்ளியில் தந்ததே. ஆகவே இடித்தவர்மீது வன்மம் வளர்க்க நான் இதைக் கூறவில்லை. என் மனத்தை உறுத்துவது வேறொன்று. இடிக்க வேண்டாம் என்று எழுதியவர் ஓர் ஆங்கிலேயர். ‘இது எங்களுடையது’ என்று சொல்லி மனு எழுதிய நாகப்பட்டினத்தார் ஒருவரையும் நான் படித்த வரலாற்றில் காணவில்லை.

கோபுரம் வீழ்வதற்கு முன்பே, 1856இல், அங்கே ஓர் இலுப்பை மரத்தை வெட்டியபோது அதன் அடியில் ஐந்து பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. அதிலிருந்து 1934 வரை நாகப்பட்டினத்து மண் தொடர்ந்து படிமங்களைத் தந்தது. மொத்தம் 350க்கும் மேல்! யாரோ அவற்றை மண்ணுக்குள் பாதுகாப்பாக ஒளித்து வைத்திருக்கிறார்கள். எந்த அச்சத்தில் வைத்தார்களோ, திரும்ப வந்து எடுக்கலாம் என்று எத்தனை நாள் காத்திருந்தார்களோ! 1954இல் டி.என். இராமச்சந்திரன் அவற்றை விரிவாக ஆராய்ந்து சென்னை அருங்காட்சியகத்தின் வெளியீடாக நூல் எழுதினார். படிமங்களுள் பல எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. செப்பேடுகளோ டச்சுக்காரர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்று, 1862இல் லெய்டன் பல்கலைக்கழகத்தின் உடைமையாயின. ஆனைமங்கலச் செப்பேடுகள் உலக அரங்கில் ‘லெய்டன் செப்பேடுகள்’ என்று பெயர் பெற்றது இவ்வாறுதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை எழும்பூருக்கு அழைத்துச் சென்றேன். தலையின்மேல் சுடர் எழுவது போன்ற அமைப்புடைய புத்தர் படிமத்தின் முன் ஒரு மாணவன் நின்றான். “ஐயா, இவர் சீனாவா, ஜப்பானா?” என்று கேட்டான். கீழே இருந்த அட்டையைப் படிக்கச் சொன்னேன். “நாகப்பட்டினம்” என்று எழுத்துக் கூட்டிப் படித்தான். பிறகு, “எங்க அம்மாயி ஊரு ஐயா அது!” என்று உரக்கச் சொன்னான். காவலர் அவனை அதட்டினார். அவன் அந்தப் படிமத்தை விட்டு நகர ஐந்து நிமிடம் ஆயிற்று. எனது பணிக்காலத்தில் நான் நடத்திய வரலாற்றுப் பாடங்களுள் அதுவே சிறந்தது. அதில் என் பங்கு ஒன்றும் இல்லை.

இப்போது அந்த இளைஞரின் வினாவுக்கு நேராக வருகிறேன். நம் முன்னோர் பௌத்தர்களா? 1898இல் பண்டிதர் அயோத்திதாசர், பஞ்சமர் பள்ளி ஆசிரியர் கிருஷ்ணசாமியுடன், கர்னல் ஆல்காட்டின் துணையால் கொழும்பு சென்று, சுமங்கல மகாநாயகரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். நாம் பூர்வ பௌத்தர்கள். பௌத்தத்தைக் கைவிடாமையால் தாழ்த்தப்பட்டோம் என்று அவர் வாதிட்டார். நமக்கு அண்மையில் பெரம்பூரிலும் பௌத்த சங்கம் இயங்கியது. அறிவியல் பேராசிரியர் இலட்சுமிநரசு 1907இல் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த நூலின் மூன்றாம் பதிப்புக்கு 1948இல் அண்ணல் அம்பேத்கர் முன்னுரை எழுதினார். அதே 1948இல் வெளிவந்த ‘தீண்டப்படாதோர்’ பற்றிய தமது நூலில், அவர்களும் ஒருகாலத்தில் பௌத்தர்களே என்னும் கருத்தை அம்பேத்கர் முன்வைத்தார். வரலாற்றில் இடைவெளி உள்ள இடத்தைக் கருதுகோளால் நிரப்புகிறேன் என்று அவரே வெளிப்படையாகக் கூறிவிட்டுத்தான் எழுதினார். அந்த நேர்மை நமக்கும் வேண்டும்.

ஆகவே, தம்பி, கல்லூரியில் உன்னிடம் சான்று கேட்பவனிடம் இரண்டையும் பிரித்துச் சொல். தமிழ் மண்ணில் பௌத்தம் தழைத்தது என்பதற்குச் செம்பும் வெண்கலமும் செங்கல்லும் சான்று; அதில் ஐயமில்லை. நம் குலத்தார் அனைவரும் அதனைச் சார்ந்தவர் என்பது அயோத்திதாசரும் அம்பேத்கரும் வாதித்த கருத்து. அதற்கு அவர்கள் காட்டிய காரணங்களை நீ படித்துச் சொல். மூன்றாவதாக ஒன்றும் சொல்லலாம். 1898இல் கப்பலேறியவர்கள் பழம்பெருமை பேசிவிட்டு உறங்கியவர்கள் அல்லர். சங்கம் வைத்தார்கள், இதழ் நடத்தினார்கள், பள்ளி நடத்தினார்கள். பரம்பரையாக வந்ததோ இல்லையோ, அவர்கள் அதைத் தம் விருப்பத்தால் எடுத்துக்கொண்டார்கள். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அம்பேத்கரும் இலட்சக்கணக்கான மக்களும் செய்ததும் அதுவே. அதைச் செய்வதற்கு எவனுடைய செப்பேடும் வேண்டியதில்லை.

செப்பேடு என்றதும் நம் சங்கத்துச் செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. இம்மலரைத் தொகுக்க முனைந்தபோது, சங்கத்தின் தொடக்க ஆண்டுகளின் நடவடிக்கைப் புத்தகங்கள் கிடைக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அலமாரியோடு ஊறிப் போயின. முதல் மாலை வகுப்புக்கு மண்ணெண்ணெய் விளக்கு வாங்க நாளுக்கு ஒரு பிடி அரிசி ஒதுக்கித் தந்த தாய்மார்கள் யார் யார் என்று எழுதிய ஏடு அதில் இருந்தது. நினைவிலிருந்து 14 பெயர்களைத் திரட்டினோம். மேலும் பலர் இருந்தனர் என்று மூத்தவர்கள் கூறுகின்றனர். அவர்களுள் இருவர் இந்த அவையின் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்தபின் இளைஞர் சிலர் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அவர்களிடம் சென்று, அவர்கள் சொல்லும் பெயர்களை எழுதிக்கொள்ள வேண்டுகிறேன். மலர் அச்சுக்குப் போக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் செல்ல ஏற்பாடு செய்திருக்கிறோம். காலை எட்டு மணிக்குத் திருவொற்றியூர் இரயில் நிலையத்தில் கூடுவோம். கடற்கரை நிலையத்தில் வண்டி மாற வேண்டும். பிள்ளைகளை அழைத்து வருவோர் மதிய உணவு கட்டிக்கொண்டு வருவது நல்லது. பெயர் தர விரும்புவோர் செயலாளர் அவர்களிடம் இன்றே தரலாம்.